குளியல் தொட்டியில் கறிவேப்பிலை

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்கு வயது ஒன்பது. கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் முதன்முதலில் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அன்ரி, தன்னுடைய சாடியில் வேரிலிருந்து கிளம்பிய கன்று ஒன்றைப் பிரித்து, வெறும் தயிர்ப் பேணியில் நட்டுத் தந்தார். இப்போது அது என் தோளளவு நிற்கிறது. கறிவேப்பிலை இங்கே கடையில் கிடைக்காத சாமான் அல்ல. ஆனாலும் தாளிக்கிற நேரத்தில் யன்னலடிக்குப் போய் ஒரு நெட்டு முறித்துக்கொண்டு வருவதில் அம்மாவுக்கு ஒரு பெருமை.

சென்ற குளிர்காலத்தில் அந்த மரம் சாகக் கிடந்தது. காரணம், இலைச்சாறு உறிஞ்சும் சிலந்திப்பேன். ஆனால் முதல் இரண்டு மாதமும் அந்தப் பேனுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தது நான்தான். அது எப்படி நடந்தது, பிறகு எப்படி ஒழித்தேன் என்பதைத் திகதிக் கொப்பியைப் பார்த்து எழுதுகிறேன்.

எங்கள் சாடிகள் மே மாதக் கடைசியில் வெளியே போகும். இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், ஒக்ரோபர் முதல் கிழமையளவில், உள்ளே வரும். கறிவேப்பிலையோடு ஒரு செம்பரத்தை, ஒரு அடுக்கு மல்லிகை. மூன்றையும் தெற்குப் பக்கத்துக் கண்ணாடிக் கதவடியில் நெருக்கி வைப்பேன். வெயில் படும் இடம் வீட்டில் அது ஒன்றுதான். இந்த நாட்டு வீடுகளில் ஹீற்றர் காற்று வரும் துவாரத்தைத் தரையில், யன்னலுக்கு நேர் கீழேதான் வைத்திருப்பார்கள். ஆக, என் மூன்று சாடிகளும் வெயில் ஒரு பக்கம், சூடான வரண்ட காற்று மறுபக்கம் என்று நின்றன. செடி வைக்க நல்ல இடம் என்று நான் நினைத்த அந்த மூலை, பேன் வளர்ப்பதற்கென்றே செய்தது போல இருந்திருக்கிறது.

நவம்பர் கடைசியில் கறிவேப்பிலை இலைகளின் பச்சை மங்கியது. மஞ்சளாகவில்லை. புழுதி படிந்தது போல ஒரு சாம்பல் நிறம். பிறகு சிற்றிலைகள் ஒவ்வொன்றாய்க் கொட்ட, நடு நெட்டு மட்டும் ஈர்க்குப் போல மரத்தில் நின்றது. குளிர்காலத்தில் கறிவேப்பிலை இலை கொட்டுவது வழக்கம் என்பதால் நான் பெரிதாய் எடுக்கவில்லை. அம்மாதான் விடவில்லை. "பிள்ளை, மரம் பசியிலை நிக்குது. புளிச்ச மோர் ஊத்து."

ஊற்றினேன். ஊரில் நிலத்தில் நிற்கும் மரத்துக்கு மோர் ஊற்றுவது வேறு, மூடின வீட்டுக்குள் சாடிக்கு ஊற்றுவது வேறு என்பது மூன்றாம் நாள் மூக்குக்குத் தெரிந்தது. ஒரு கிழமையில் சாடி மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பிக் குசினி எங்கும் பறந்தன. அது போதாதென்று டிசம்பர் 20 அளவில் நைதரசன் கூடிய திரவ உரமும் விட்டேன். இலையில் நைதரசன் ஏற ஏற அதை உறிஞ்சும் பேன் கூடுதலாக முட்டையிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

ஜனவரி 11, காலை பத்து மணியிருக்கும். குளிர்கால வெயில் தாழ்வாக, சாய்வாக வரும். அந்த வெளிச்சத்தில் செம்பரத்தையின் ஒரு கணுவுக்கும் இலைக்காம்புக்கும் நடுவே மெல்லிய நூல் மினுங்கியது. சிலந்தி வலை என்று துடைக்கப் போனேன். கிட்டப் போய்ப் பார்த்தால் நூலில் தூசி. தூசி நடந்தது.

உடனே ஒரு வெள்ளைக் கடுதாசியை இலைக்குக் கீழே பிடித்து இரண்டு தட்டுத் தட்டினேன். மிளகுத் தூள் போல ஏழெட்டுப் புள்ளிகள் விழுந்தன. கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் நகரத் தொடங்கியது. சந்தேகம் வந்தால் செய்யவேண்டிய முதல் சோதனை இதுதான், காசும் இல்லை. கறிவேப்பிலைக்குக் கீழே பிடித்துத் தட்டினேன், விழுந்தன. மல்லிகையில் தட்டினேன், கடுதாசி நிறைந்தது.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி 10 மடங்கு பெருப்பிக்கும் சின்ன வில்லை ஒன்று எங்கள் மேசை லாச்சியில் கிடந்தது. அதால் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தபோதுதான் எதிரியின் முகம் தெரிந்தது. அரை மில்லிமீற்றர்கூட இல்லாத வெளிர் மஞ்சள் உடம்பு, முதுகின் இரு பக்கத்திலும் இரண்டு கறுப்புத் திட்டு, எட்டுக் கால். இரட்டைப் புள்ளிச் சிலந்திப்பேன். அந்தத் திட்டு வேறொன்றுமில்லை, அது குடித்த இலைச்சாறு வயிற்றுக்குள் கிடந்து வெளியே தெரிவதுதான். பக்கத்தில் பளிங்கு மணி போல உருண்டை உருண்டையாய் முட்டைகள். உரித்துப் போட்ட வெள்ளைத் தோல்கள். இலையின் மேற்பக்கத்தில் நான் சாம்பல் நிறம் என்று நினைத்தது ஊசியால் குத்தினது போன்ற ஆயிரம் வெளிர் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் பேன் வாயை ஊசி போல இறக்கி, உள்ளே இருந்த பச்சையை உறிஞ்சி வெறுமையாக்கிய இடம்.

பெயரில் பேன் இருந்தாலும் இது பேனுமில்லை, பூச்சியுமில்லை. சிலந்தி, தேள், உண்ணி இவற்றின் சாதி. தமிழில் சிற்றுண்ணி என்றும் சொல்வார்கள். நூல் நூற்பதால் சிலந்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சிலந்திக்கு நூல் பின்பக்கத்தால் வரும், இதற்கு வாய்ப்பக்கத்தால் வரும். அந்த நூலில் இரை பிடிப்பதில்லை. அதற்கு அது கூரை, நடைபாதை, முட்டைக்கு வேலி. இது பூச்சியில்லை என்பதை நினைவில் வைத்திருப்பது மருந்து வாங்கும்போது உதவும். தெரிந்த ஒருவர், மண்ணில் போட்டால் வேர் வழியே ஏறும் இமிடாகுளோபிரிட் குறுணலைப் போடச் சொன்னார். அது அசுவினி போன்ற பூச்சிகளுக்கான மருந்து. சிலந்திப்பேனைக் கொல்லாது, சில செடிகளில் அதைப் போட்ட பிறகு பேன் பெருகியதாகவே ஆய்வுகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, நாங்கள் தின்கிற இலை. அதைக் கேட்டதோடு சரி.

அன்றிரவே பாத்திரம் கழுவுகிற திரவத்தை ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி என்று கலந்து, மூன்று செடிக்கும் சொட்டச் சொட்ட அடித்தேன். கோபத்தில் அடித்த அளவு அது. மூன்றாம் நாள் மல்லிகையின் இளங்கொழுந்துகள் ஓரம் கருகிச் சுருண்டன. பாத்திரம் கழுவுகிற திரவம் பெயருக்குத்தான் சவர்க்காரம். எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கான வேறு இரசாயனம் அது. இலையின் மேல் இருக்கும் மெழுகுப் படலத்தையும் சேர்த்தே எடுத்துவிடும். செடிக்கென்று விற்கிற பூச்சிகொல்லிச் சவர்க்காரம் கொழுப்பமிலங்களின் பொற்றாசியம் உப்பு. அதன் போத்தலில், காய்கறிக்கும் கீரைக்கும் அடிக்கலாம் என்றே எழுதியிருக்கும். 16ஆம் திகதி அதை வாங்கி வந்து அடித்தேன். 18ஆம் திகதி வில்லையால் பார்த்தேன். அசையும் ஒன்றுகூட இல்லை. வென்றுவிட்டேன் என்று சாடிகளைப் பழைய இடத்திலேயே, அதே ஹீற்றர் துவாரத்துக்கு மேலே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன்.

பன்னிரண்டு நாள். ஜனவரி 30 காலையில் கறிவேப்பிலையின் நுனிக் கொழுந்தைச் சுற்றி வலை கட்டியிருந்தது. செம்பரத்தையில் மட்டும் இருந்த வலை இப்போது மூன்றிலும்.

கிளிநொச்சியில் இருக்கும் மாமா வாழ்நாள் முழுக்கத் தோட்டம் செய்தவர். அம்மா அவரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது ஃபோனைப் பறித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "கத்தரிக்கு வாறதுதான் மோனை. வெயில் எறிக்க எறிக்கப் பெருகும். ஒரு பெருமழை அடிச்சால் ஆளைக் காணேலாது." வீட்டுக்குள் மழைக்கு எங்கே போவது என்று கேட்டேன். "அப்ப நீதான் பெய்ய வேணும்."

நான் மருந்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்க, அவர் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஆறுதலாக இருந்து, இந்தச் சீவனின் வாழ்நாள் கணக்கை ஒழுங்காகப் படித்தேன். என் தோல்வி முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. முட்டையிலிருந்து ஆறு கால் குஞ்சு வரும். அது தோல் உரித்து எட்டுக் காலாகும், இன்னும் இரண்டு முறை உரித்து முழு வளர்ச்சி அடையும். ஒவ்வொரு முறை உரிப்பதற்கு முன்பும் அசையாமல் கிடக்கும். 30 பாகைச் சூட்டில் முட்டை தொடங்கி முழு வளர்ச்சி வரை ஒரு கிழமைதான். 20 பாகையில் இரண்டு கிழமைக்கு மேல். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறு முட்டை அளவில் இடும். ஆண் இல்லாமலும் இடும், அந்த முட்டைகள் எல்லாம் ஆண்களாகப் பொரிக்கும். ஆகவே ஒரே ஒரு பெண் எங்கள் யன்னலடிக்கு வந்து சேர்ந்தாலும் குடும்பம் தொடங்கப் போதும்.

சவர்க்காரம் ஈரமாக இருக்கும் வரைதான் கொல்லும். காய்ந்த பிறகு இலையில் இருப்பது வெறும் கறை. பட்ட பேன் சாகும், படாத பேன் தப்பும், முட்டையை அது பெரிதாய் ஒன்றும் செய்வதில்லை. நான் 18ஆம் திகதி வில்லையில் "ஒன்றும் இல்லை" என்று பார்த்தபோது முட்டைகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவை பொரித்து, வளர்ந்து, திரும்ப முட்டையிடத் தேவையான நாட்களை நானே கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுத் தேர்மொஸ்ரற் 21 பாகையில் நிற்கும். ஆனால் சூடான காற்றுத் துவாரத்துக்கு மேலே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்: ஹீற்றர் ஓடும்போது 29. ஈரப்பதம் 22 வீதம்.

ஆக, செய்யவேண்டியது எந்தத் திரவம் என்பதைவிட எத்தனை நாளுக்கொரு முறை என்பதில் கிடந்தது. பொரித்த குஞ்சு தாயாவதற்கு முன் அதைப் பிடிக்கவேண்டும். ஐந்து நாளுக்கு ஒரு முறை, ஆறு முறை என்று முடிவெடுத்தேன். பெப்ரவரி 1, 6, 11, 16, 21, 26. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டினேன். என் கணவர் அதைப் பார்த்துவிட்டு, யாருக்கு ஊசி போடுவது என்று கேட்டார்.

முதல் வேலை கத்தரிப்பு. செம்பரத்தையை ஒரு சாண் கட்டையாக வெட்டினேன், ஓர் இலைகூட விடவில்லை. அது வெட்ட வெட்டத் தளிர்க்கும் சாதி, பயமில்லை. மல்லிகையில் பாதி. கறிவேப்பிலையில் கை நடுங்கியது. வலை கட்டின கொழுந்துகளையும் புள்ளி விழுந்து வெளிறிய நெட்டுகளையும் எடுத்த பிறகு மூன்றில் ஒரு பங்கு இலைதான் மிச்சம். வெட்டியதை அந்த இடத்திலேயே பைக்குள் போட்டுக் கட்டிவிடவேண்டும். கையில் அள்ளிக்கொண்டு வீடு முழுக்க நடந்தால் வழியெல்லாம் பேன் விதைத்த மாதிரி. சாடி மண்ணின் மேல் கிடந்த சருகுகளையும் பொறுக்கினேன். அம்மா மண்ணையே மாற்றச் சொன்னார். அது தேவையில்லை, இது மண்ணில் குடியிருக்கும் சீவன் அல்ல. நலிந்த மரத்தின் வேரைக் குளிர்காலத்தில் கிளறாமல் இருப்பதே நல்லது.

அடுத்தது குளியல். சாடியைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் இறக்கி, வாயைத் தண்டோடு சேர்த்துக் கட்டினால் மண் கொட்டாது, மோரின் மிச்சமும் தொட்டியில் ஒழுகாது. கறிவேப்பிலைச் சாடியை மாடிப்படியில் தூக்க இரண்டு பேர் வேண்டும். தொட்டியில் மரத்தைச் சரித்துப் படுக்கவைத்து, கைச் சவரை அடியிலிருந்து மேல்நோக்கிப் பிடித்தேன். பேன் இருப்பது இலையின் அடிப்பக்கம். மேலிருந்து ஊற்றினால் இலை அதற்குக் குடை பிடிக்கும். ஒக்ரோபரில் செடிகளை உள்ளே கொண்டுவருமுன் நான் வெளியே பைப்பால் கழுவியது அப்படித்தான், மேலால். தண்ணீர் கைபொறுக்கும் சூட்டுக்கும் குறைவாக, வெதுவெதுப்பாக. அமுக்கம் இலை கிழியாத அளவுக்கு. இலையை ஒரு கையில் தாங்கி, மற்றக் கை விரலால் அடிப்பக்கத்தைத் தடவித் தடவிக் கழுவினேன். ஒரு மரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் போனது. தொட்டியின் வடிகாலில் ஒரு வடியைப் போட மறக்காதீர்கள். முதல் நாள் நான் மறந்தேன். இரவு பதினொரு மணிக்கு வடிகாலிலிருந்து கறிவேப்பிலை நெட்டு இழுத்துக்கொண்டிருந்த கதையை இவர் இன்னும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

நீர் வடிந்ததும் பூச்சிகொல்லிச் சவர்க்காரம். அந்தத் தண்ணீரில் ஒரு விஷயம் இருக்கிறது. ரொறன்ரோக் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது, ஓரளவு வன்னீர். அதில் சவர்க்காரச் செறிவைக் கலந்தால் கல்சியத்தோடு சேர்ந்து படலம் கட்டும், அந்த அளவுக்குச் சவர்க்காரத்தின் வேலையும் குறையும். ஈரப்பதன் கருவிக்கு வாங்கி வைத்திருந்த காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்தேன், நுரை நின்றது. அளவு போத்தலில் சொன்னபடி. இம்முறை கோபமில்லை. அடிப்பக்கம், கணுவிடுக்கு, தண்டின் வெடிப்பு எல்லாம் நனைய அடித்து, இருபது நிமிடம் ஈரமாகவே வைத்து, பிறகு வெறும் தண்ணீரால் அலசினேன். அலசினால் இலை கருகுவதில்லை. சமையலுக்குப் போகும் இலைக்கும் அது நல்லது. வெயிலில் வைத்து அடிக்கக் கூடாது. நான் எப்போதும் இரவில்தான் அடித்தேன்.

உறவினர் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த வேப்பெண்ணெயும் வீட்டில் ஒரு போத்தல் இருந்தது. எண்ணெயின் நன்மை, அது முட்டையையும் மூடி மூச்சடைக்க வைக்கும். இங்கே கனடாவில் அது பெரும்பாலும் இலைக்கு மினுக்கம் கொடுக்கும் எண்ணெய் என்ற பெயரில்தான் கடையில் இருக்கும். சாப்பிடுகிற இலையில் அதை அடிக்க எனக்கு மனமில்லை. செம்பரத்தைக் கட்டைக்கு மட்டும், லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய், கலப்பதற்குக் கொஞ்சம் சவர்க்காரம், வெதுவெதுப்பான தண்ணீர் என்று அடித்தேன். அம்மாவுக்கு அந்த மணம் பிடித்திருந்தது. மற்ற எல்லோரும் மூன்று நாள் பேஸ்மென்ற்றில் சாப்பிட்டோம்.

சாடிகள் திரும்பி வருவதற்கு முன் அவை நின்ற இடத்தையும் பார்த்தேன். யன்னல் சட்டம், சாடித் தட்டு, தரை, எல்லாம் சவர்க்காரத் துணியால் துடைத்தேன். திரைச்சீலை துவைக்கப் போனது. அதன் அடி ஓரத்தில் வலையிழைகளைக் கண்டபோது உடம்பு கூசியது. காற்றுத் துவாரத்துக்கு மேல், காந்தத்தால் ஒட்டும் பிளாஸ்ரிக் மூடி ஒன்று எட்டு டொலருக்கு வாங்கி வைத்தேன். அது காற்றை அறைப்பக்கம் திருப்பிவிடும். செடிகளை ஓர் அடி தள்ளியும் வைத்தேன். இப்போது அதே இடத்தில் வெப்பமானி 21, 22 காட்டியது. ஈரப்பதன் கருவியால் 40 வீதம் வரை ஏற்றினேன், அதற்கு மேல் ஏற்றினால் கண்ணாடியில் தண்ணீர் கட்டி ஓடும். சிலர் காலையும் மாலையும் இலையில் தண்ணீர்ப் புகை அடிப்பார்கள். அது பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், அடிக்கும் ஆளுக்குத்தான் திருப்தி.

கறிவேப்பிலையில் பத்துச் சிற்றிலைகளுக்குச் சிவப்பு நூல் கட்டி, ஒவ்வொரு குளியலுக்கு முன்பும் அந்தப் பத்தின் அடிப்பக்கத்தையும் வில்லையால் பார்த்து, அசையும் பேன்களை எண்ணி எழுதினேன். பெப்ரவரி 1: 64. 6ஆம் திகதி: 23. 11: 9. 16: 2. 21: இல்லை. 26: இல்லை. 6ஆம் திகதி பார்த்த இருபத்துமூன்றில் பெரும்பாலானவை ஆறு கால் குஞ்சுகள். அதைப் பார்த்தபோதுதான் கணக்குச் சரியாகப் போகிறது என்று நம்பிக்கை வந்தது. முட்டைகள் பொரிக்கின்றன, தாய்கள் இல்லை. 21ஆம் திகதி சுழியம் வந்ததும் இவர் போதும் என்றார். ஜனவரி 18இல் நானும் அப்படித்தான் சொன்னேன் என்பதை நினைவுபடுத்தி, சாடியின் ஒரு பக்கத்தைத் தூக்கச் சொன்னேன்.

மல்லிகை மட்டும் அடங்கவில்லை. கொடி பின்னிப் பின்னி வளர்வது, எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் போகாத ஒரு இடுக்கு இருந்தது. எண்ணிக்கை எட்டு, பத்து என்றே நின்றது. மார்ச் தொடக்கத்தில் கடைசி முயற்சியாகப் பேனைத் தின்னும் பேன் வரவழைத்தேன்.

இது கிறுக்குத்தனம் போலக் கேட்கும். ஆனால் தெற்கு ஒன்ராறியோவில் லீமிங்ரன் பக்கம் ஏக்கர் கணக்கில் கண்ணாடிக் கூடங்களுக்குள் தக்காளியும் வெள்ளரியும் வளர்க்கிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். சிலந்திப்பேனுக்கு மருந்து அடித்து அடித்து, பல மருந்துகளுக்கும் சாகாத பரம்பரைகளை உண்டாக்கிவிட்டார்கள், அதனால் இரைதின்னிகளிடம் போனார்கள். இவற்றில் பேர்போனது ஃபைற்றோசெயுலஸ் பெர்சிமிலிஸ் என்ற செம்மஞ்சள் நிறப் பேன். 1958இல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஓர்க்கிட் செடிகளோடு தற்செயலாக வந்து அகப்பட்டது. சிலந்திப்பேனைத் தவிர வேறெதையும் அது தின்னாது. ஆனால் அதற்கு ஈரப்பதம் 60 வீதத்துக்கு மேல் வேண்டும், எங்கள் வீட்டில் நடக்காது. வரட்சியைத் தாங்கக்கூடிய கலிஃபோர்னிகஸ் என்ற இனத்தைச் சின்னக் கடுதாசிப் பைகளில் அடைத்து விற்கிறார்கள். பையைக் கிளையில் தொங்கவிட்டால் சிறு துளை வழியே கிழமைக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். குளிரில் வழியில் சாகாமல் இருக்கச் சூட்டுப் பொதியோடு கூரியரில் வந்தது. முப்பத்தெட்டு டொலர்.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். "காசு குடுத்துப் பேன் வாங்கினியோ?"

மல்லிகையில் ஐந்து பை தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு சவர்க்காரத்தைத் தொடவில்லை, அது இவற்றையும் கொல்லும். முதல் இரண்டு கிழமை ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாம் கிழமை வில்லையில், பேரிக்காய் வடிவத்தில் மினுங்கும் ஒன்று இலையின் நடு நரம்போரமாக விறுவிறென்று ஓடியது. சிலந்திப்பேன் அந்த வேகத்தில் நடக்காது. ஏப்ரல் நடுவில் மல்லிகையில் புள்ளி விழாத புது இலைகள். இது அந்தப் பைகளின் வேலையா, அதற்கு முன் செய்த கத்தரிப்பின் வேலையா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மூன்று சாடி வைத்திருப்பவருக்கு முப்பத்தெட்டு டொலர் கூடத்தான். கொடியைக் கட்டையாக வெட்ட மனமில்லாதவரின் செலவு என்று வைத்துக்கொள்ளலாம். செம்பரத்தையை ஒரே நாளில் வெட்டினேன். அதில் பெப்ரவரி 6க்குப் பிறகு ஒரு பேனும் இல்லை, எண்ணெயும் சவர்க்காரமும் சேர்த்து ஒரு டொலர் போயிருக்கும்.

மார்ச் கடைசியில் கறிவேப்பிலையின் மொட்டைக் கிளைகளில் செந்நிறத்தில் துளிர் குத்தியது. மே கடைசியில் வெளியே வைத்தபோது கணுவுக்குக் கணு நெட்டு. பிறகு மழையும் காற்றும் பார்த்துக்கொண்டன, கோடை முழுக்க நான் வில்லையை எடுக்கவேயில்லை. ஆடிப் பிறப்புக்கு அன்ரி வந்திருந்தபோது அவருக்கே ஒரு பை நிறைய இலை முறித்துக் கொடுத்தோம்.

இந்த ஒக்ரோபரில் சாடிகளை நேரே கண்ணாடிக் கதவடிக்குக் கொண்டுவரவில்லை. செப்ரெம்பர் நடுவிலேயே, வெளியில் வைத்தே, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை அடியிலிருந்து மேலாகக் கழுவிச் சவர்க்காரம் அடித்தேன். பிறகு பேஸ்மென்ற்றில், ஒரு எல்ஈடி விளக்குக்குக் கீழே, ஒன்றுக்கொன்று இலை முட்டாமல் மூன்று கிழமை. கிழமைக்கு இரண்டு முறை வெள்ளைக் கடுதாசித் தட்டு. கறிவேப்பிலை சுத்தமாக மேலே வந்துவிட்டது. மல்லிகையும் வந்துவிட்டது. செம்பரத்தையில் பதினேழாம் நாள் கடுதாசியில் இரண்டு புள்ளி விழுந்து, கொஞ்சம் கிடந்து, நடந்தன. அதை மறுபடி கட்டையாக வெட்டி, அன்றே திகதியை ஒன்றிலிருந்து தொடங்கினேன். இன்று ஒன்பதாம் நாள். மேலே எப்போது வரும் என்று அம்மா கேட்கிறார். நாளை இரவு இரண்டாவது குளியல்.